ஓடுது, ஆனா இழுக்க மாட்டேங்குது!



நவராத்திரி முடிந்து கொலுப் பொம்மைகள் பெட்டிக்குள் போய்விட்டன. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் தையல் மிஷினிலும் ஸ்கூட்டரிலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அடுத்தது தீபாவளி. பரணில் கிடக்கும் சாமானெல்லாம் தரைக்கு இறங்கி, தூசி தட்டப்பட்டு, பாதி மறுபடி பரணுக்கே போகும் நாட்கள் இவை.

நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களுக்கும் பருவம் உண்டு. அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோவது ஏன், பட்டுப் புடவையில் பட்ட எண்ணெய்க் கறையை என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு நடுவே, கொஞ்ச காலமாக இன்னொன்றும் தவறாமல் வருகிறது. இந்த முறை கோவை வாசகி ஒருவர் அதைச் சுருக்கமாகவே எழுதியிருந்தார்: “வேக்குவம் கிளீனர் ஓடுது. சத்தம் முன்னைவிட அதிகமாவே வருது. ஆனா இழுக்க மாட்டேங்குது. தீபாவளி ஆஃபர்ல புதுசு வாங்கிடலாம்ங்கறார் வீட்டுக்காரர். வாங்கலாமா?”

வேண்டாம் சகோதரி. இந்த வாரம் வேண்டவே வேண்டாம். உங்கள் கேள்விக்கான பதில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சத்தம் அதிகமாகியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் நல்ல சேதி.

எப்படி என்று சொல்கிறேன். வேக்குவம் கிளீனருக்குள் இருப்பது ஒரு மோட்டாரும், நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலும் ஒரு விசிறியும்தான். அந்த விசிறி உள்ளே இருக்கும் காற்றை விடாமல் வெளியே தள்ளுகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1,00,000 பாஸ்கல். நல்ல நிலையில் உள்ள ஒரு வீட்டு மிஷின் அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு உள்ளே குறைத்துவிடும். அந்தக் குறையை நிரப்ப வெளிக்காற்று குழாய் வழியாக விரைகிறது. விரையும் காற்று வழியில் கிடக்கும் தூசியையும் வாரிக்கொண்டு போகிறது. நாம் ‘இழுக்கிறது’ என்று சொல்வது அந்தக் காற்றோட்டத்தைத்தான். தரை பிரஷ், குழாய், பை, ஃபில்டர், விசிறி, பின்பக்கத் துவாரம் என்று நீளும் அந்தப் பாதையில் எங்கே அடைத்தாலும் ஓட்டம் குறையும். எங்கே ஓட்டை விழுந்தாலும் காற்று அந்தக் குறுக்கு வழியில் நுழைந்துவிடும்; தூசி தரையிலேயே கிடக்கும்.

பாதை அடைத்துவிட்டால் விசிறிக்குத் தள்ளுவதற்குக் காற்று கிடைக்காது. சுமை குறைந்ததால் மோட்டார் இன்னும் வேகமாகச் சுற்றும். சத்தம் கீச்சென்று ஏறும். வேலை குறையக் குறையச் சத்தம் கூடுவதைச் சில அலுவலகங்களிலும் பார்க்கலாம். ஆகவே சத்தம் ஏறி இழுவை குறைந்தால், மோட்டார் திடமாக இருக்கிறது, எங்கோ அடைப்பு என்று பொருள். சத்தம் பழையபடியே இருந்து, கூடவே எங்கிருந்தோ ‘உஸ்’ஸென்று காற்று கசியும் ஒலி கேட்டால் ஓட்டை. சத்தம் விட்டுவிட்டு வந்து, கருகல் வாடையும் சேர்ந்தால் மட்டும்தான் மோட்டாரைச் சந்தேகப்பட வேண்டும். முதல் இரண்டுக்கும் நம் கையே போதும்.

இந்த மிஷினின் கதையே அடைப்பின் கதைதான். 1901-இல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், தூசியை ஊதித் தள்ளும் ஓர் இயந்திரத்தின் செய்முறை விளக்கத்தைப் பார்க்கப் போயிருந்தார். ஊதினால் தூசி இடம் மாறுமே தவிர வெளியே போகாதே, உறிஞ்சினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஓர் உணவகத்தில் மெத்தை இருக்கையின் மேல் கைக்குட்டையை வைத்து, வாயாலேயே உறிஞ்சிப் பார்த்தார் என்பார்கள். இருமித் தீர்த்தாலும் கைக்குட்டையில் படிந்த அழுக்கு அவருக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டது. பிறகு அவர் செய்த இயந்திரம் பெட்ரோல் இன்ஜினோடு குதிரை வண்டியில் ஏறி வந்து தெருவில் நிற்கும். ஜன்னல் வழியே நீளக் குழாய்களை வீட்டுக்குள் விட்டு உறிஞ்சுவார்கள். 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு முன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைச் சுத்தம் செய்ததில் அதற்குப் பெயர் கிடைத்தது.

அதைக் கைக்கு அடக்கமாக்கியவர் ஒரு துப்புரவுப் பணியாளர். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம் கேன்டன் நகரத்தில் ஒரு கடையைப் பெருக்கிக்கொண்டிருந்த ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்லருக்கு ஆஸ்துமா. பெருக்கும்போது கிளம்பும் தூசி அவரைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு மின்விசிறி மோட்டார், துடைப்பக் கட்டை, தூசியைப் பிடிக்கத் தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி ஒரு கருவி செய்தார். 1908-இல் காப்புரிமை கிடைத்தது. பிறகு அதை வாங்கிய தோல் பொருள் வியாபாரி வில்லியம் ஹூவரின் பெயர்தான் உலகம் முழுக்கப் பரவியது.

கைக்குட்டையோ தலையணை உறையோ, காற்றை விட்டுத் தூசியைப் பிடிப்பதுதான் அதன் வேலை. தூசியைப் பிடிக்கப் பிடிக்க நுண்துளைகள் அடையும். அடைய அடையக் காற்று போகாது. நன்றாக உழைத்தாலே கெட்டுப்போகும் பாகம் அது. 1970-களின் கடைசியில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் டைசன் என்ற வடிவமைப்பாளர் எரிச்சலடைந்ததும் இதே காரணத்துக்காகத்தான். மர அறுவை ஆலையில் காற்றைச் சுழலவிட்டு மரத்தூளைப் பிரிக்கும் கூம்பைப் பார்த்தவர், அதையே சின்னதாக்க 5,127 மாதிரிகளைச் செய்து பார்த்தார். பை போயிற்று. ஆனால் ஃபில்டர் போகவில்லை. பை இல்லாத மிஷின்களிலும் கழுவ வேண்டிய ஒரு ஃபில்டர் எங்கேயாவது இருந்தே தீரும்.

நம் ஊருக்கு இது வாசல் வழியாக வந்தது. 1982-இல் யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் தொடங்கியபின், டை கட்டிய இளைஞர்கள் கையில் பெட்டியோடு வீடு வீடாக வந்து அழைப்பு மணி அடித்த காலம் பல வாசகர்களுக்கு நினைவிருக்கும். நம் வீட்டு மெத்தையிலிருந்தே தூசியை எடுத்துக் காட்டியதில் அதிர்ந்துபோய் வாங்கியவர்கள் ஏராளம். வாங்கிய உற்சாகத்தில் கொஞ்ச நாள் ஓடியது. பிறகு இழுவை குறைந்தது. ‘அதெல்லாம் நம்ம ஊர் மண்ணுக்குச் சரிப்படாது’ என்று தீர்ப்பு எழுதிப் பரணில் ஏற்றினோம். அவற்றில் பல மிஷின்களுக்கு மோட்டார் இன்றும் நன்றாகவே இருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, எங்கே அடைத்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் அலுவலகத்தில் பழைய இதழ்த் தொகுப்புகள் இருக்கும் அலமாரிகளுக்கென்றே ஒரு மிஷின் இருக்கிறது. அது மக்கர் செய்தபோது, தெருமுனையில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் அண்ணனைக் கூப்பிட்டோம். அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவே இல்லை. முதலில் பையை எடுத்துப் பார்த்தார், தட்டி மாட்டினார். குழாயை மிஷினிலிருந்து கழற்றினார். மிஷினை ஓடவிட்டு, குழாய் பொருந்தும் துளையில் உள்ளங்கையை வைத்தார். கை ‘சப்’பென்று ஒட்டியது. “மிஷின் மேல குத்தம் இல்ல மேடம்” என்றார். குழாயை மாட்டி, அதன் நுனியில் கையை வைத்தார். பட்டும் படாமலும் ஒரு காற்று. “அப்ப பைப்புலதான் சமாச்சாரம்.”

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினார். சட்டைப் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துக் குழாயின் ஒரு முனையில் போட்டுத் தூக்கிப் பிடித்தார். கடகடவென்று உருண்ட சத்தம் பாதி வழியில் நின்றுவிட்டது. எங்கள் ‘மாப்’பின் கட்டையை வாங்கி, நுனியில் துணியைச் சுற்றி மறுமுனையிலிருந்து மெல்ல நெட்டித் தள்ளினார். முதலில் கோலிக்குண்டு விழுந்தது. பின்னாலேயே உள்ளங்கை நீளத்தில் சாம்பல் நிறத் திரி ஒன்று வந்தது. பிரித்துப் பார்த்தால் நடுவில் ஓர் ஐஸ்கிரீம் குச்சி. அது குழாயின் வளைவில் குறுக்காக மாட்டியிருக்கிறது. அதில் தலைமுடி சுற்றியிருக்கிறது. முடியில் பைண்டிங் நூல் பிசிறு சிக்கி, பிசிறில் காகிதத் தூள் படிந்து, இடைவெளியெல்லாம் அடைந்துபோயிருக்கிறது. ஐஸ்கிரீம் சாப்பிட்டது யார் என்ற விசாரணை எங்கள் ஆசிரியர் குழுவில் இன்னும் முடியவில்லை.

“எல்லாரும் மோட்டார்லேர்ந்து ஆரம்பிப்பாங்க மேடம். நான் பைப்புலேர்ந்து ஆரம்பிப்பேன்” என்றார் அண்ணன், குச்சியை மேஜைமேல் வைத்தபடி.

அவர் செய்ததை யாரும் செய்யலாம். மிஷினின் துளையிலேயே இழுவை இல்லையென்றால் பை அல்லது ஃபில்டர். துளையில் இழுவை இருந்து, குழாயின் நுனியில் இல்லையென்றால் குழாய். குழாய் நுனியில் இருந்து, தரையில் மட்டும் இல்லையென்றால் நீளக் கம்பிக் குழலோ தரை பிரஷோ. இப்படி ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிக் கை வைத்துப் பார்த்தால், அடைப்பு இருக்கும் இடம் தானாகத் தெரிந்துவிடும். கை வைத்துப் பார்க்கும் சில விநாடிகள் தவிர மற்ற நேரமெல்லாம் பிளக் சுவரில் இருக்கக் கூடாது. குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். அவிழ்ந்த கூந்தலோடு குனியாதீர்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. குழாயின் கைப்பிடியில், விரலால் தள்ளித் திறக்கிற மாதிரி ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். திரைச்சீலையைச் சுத்தம் செய்யும்போது துணி உள்ளே போய் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அதைத் திறந்து இழுவையைக் குறைப்பார்கள். வேலை முடிந்ததும் மூட மறந்துவிடும். அந்த ஜன்னலை மூடியதோடு ரிப்பேர் முடிந்துபோன வீடுகள் உண்டு.

இனி பை. ‘பாதிதானே நிரம்பியிருக்கு’ என்று பார்த்து ஏமாற வேண்டாம். முடியும் பஞ்சும் இடத்தைத்தான் அடைக்கும். பவுடர் போன்ற நுண்தூசிதான் துணியின் துளையை அடைக்கும். முகப் பவுடர், விபூதி, கோலப்பொடி, ஜன்னல் வழியே வரும் செம்மண் புழுதி எல்லாம் சேர்ந்தால் கால் பையிலேயே காற்று நின்றுவிடும். துணிப் பையானால் மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ கொண்டுபோய், காற்று வீசும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று, உள்புறத்தைத் திருப்பித் தட்டுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துவிடுங்கள். கழுவலாமா என்பதை மிஷினோடு வந்த கையேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். காகிதப் பை ஒரு முறைக்குத்தான். அதை வெட்டிக் கொட்டி, டேப் ஒட்டி மறுபடி மாட்டினால் உள்ளே கிழிந்து, தூசி நேராக மோட்டாருக்குப் போகும். பை இல்லாத டப்பா வகையானால், டப்பாவுக்குள் நடுவில் நிற்கும் வலைச் சல்லடையைப் பாருங்கள். டப்பாவைக் கொட்டுகிற பலர் அதைத் தொடுவதே இல்லை.

ஃபில்டர் பெரும்பாலும் இரண்டு இருக்கும். மோட்டாருக்கு முன்னால் ஒரு ஸ்பாஞ்ச், காற்று வெளியேறும் துவாரத்தில் இன்னொன்று. ஸ்பாஞ்சைக் குழாயடியில் பச்சைத் தண்ணீரில், கலங்கல் போய்த் தெளிந்து வரும்வரை பிழியுங்கள். சோப்பு வேண்டாம், வெந்நீர் வேண்டாம், துணியைப் போல முறுக்கவும் வேண்டாம். பிறகு காற்றாட ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் போதாது. விரலால் அமுக்கிப் பார்த்து, நடுவில் ஈரம் இல்லை என்றால்தான் மாட்டலாம். ஈர ஃபில்டரில் தூசி பட்டால் சேறாகும்; நாற்றம் அடிக்கும்; ஈரம் மோட்டாருக்கும் இறங்கும். மடிப்பு மடிப்பாக இருக்கும் ‘ஹெப்பா’ ஃபில்டர் வேறு சாதி. 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் அளவுக்கு நெருக்கமானது. அதில் கழுவக்கூடியவையும் உண்டு, தண்ணீர் பட்டாலே வீணாகிறவையும் உண்டு. எது என்று அதன் ஓரத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். இல்லையென்றால் லேசாகத் தட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபில்டர் காய்வதற்குள் அவசரம் என்று, அது இல்லாமல் ‘ஒரே ஒரு அறை மட்டும்’ ஓட்டிவிடாதீர்கள். அந்த ஒரு அறையின் தூசி முழுக்க மோட்டாருக்குள்தான் போகும்.

குழாயில் அடைப்பு என்றால் துணி சுற்றிய கட்டை போதும். கம்பியை விட்டுக் குத்தினால் குழாய் கிழியும். நம் ஊரில் விற்கும் பல மிஷின்களில் ஊதும் வசதியும் இருக்கிறது. குழாயைப் பின்பக்கத் துவாரத்தில் மாட்டி, மறுமுனையை வெளியில் வைத்து ஓடவிட்டால் சின்ன அடைப்புகள் தெறித்துவிடும். எதிரே யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடைப்பு இல்லாமல் ஓட்டை என்றால், கைப்பிடியும் குழாயும் சேரும் கழுத்தில்தான் பெரும்பாலும் விரிசல் இருக்கும், அங்கேதான் தினமும் வளைகிறது. வெளிச்சத்தில் நீட்டி வளைத்துப் பார்த்தால் தெரியும். இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினால் கொஞ்ச நாளைக்குத் தாங்கும். முனையைத் திருகி மாட்டும் வகையானால், கிழிந்த பகுதியை நேராக வெட்டிவிட்டு மறுபடி மாட்டலாம்; குழாய் ஒரு சாண் குறையும், ஆயுள் கூடும். மிஷினின் மூடியைச் சுற்றியுள்ள ரப்பரில் மண் அப்பியிருந்தாலும் காற்று கசியும். ஈரத் துணியால் துடைத்தாலே போதும். காய்ந்து வெடித்திருந்தால் மாற்ற வேண்டும்.

தரை பிரஷைக் கவிழ்த்துப் பாருங்கள். சுழலும் உருளை இருக்கும் வகையானால் அதில் நீளத் தலைமுடியும், பூத் தொடுத்த நாரும் சுற்றிச் சுற்றி இறுகியிருக்கும். தையல் பிரிக்கும் கத்தியால் நீளவாக்கில் ஒரு கோடு இழுத்தால் இரண்டு பக்கமும் பிரிந்துவிடும். உருளையின் இரண்டு ஓரத்திலும் ஒளிந்திருப்பதையும் எடுக்க மறக்க வேண்டாம். தானாக ஊர்ந்து போகும் ரோபோ மிஷின்களுக்கும் இதே வைத்தியம்தான். அவற்றின் டப்பா சின்னது, ஃபில்டர் சின்னது என்பதால் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

தண்ணீரையும் இழுக்கும் வகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அதன் தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கும். தண்ணீர் நிரம்பியதும் அது மேலே ஏறிக் காற்றுப் பாதையை மூடிவிடும், தண்ணீர் மோட்டாருக்குப் போகாமல் இருக்க. சட்டென்று இழுவை நின்று சத்தம் ஏறினால் தொட்டியைக் கொட்டுங்கள். தொட்டி காலியாக இருந்தும் அப்படியென்றால், மிதவை மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, கழுவிவிட்டால் இறங்கிவிடும். சாதாரண மிஷினால் மட்டும் ஒரு சொட்டு ஈரத்தைக்கூடத் தொட வேண்டாம்.

இழுக்கக் கூடாதவை இன்னும் சில உண்டு. சுவருக்குப் பட்டி பார்த்துத் தேய்த்த தூள், சிமென்ட், கொட்டிப்போன அரிசி மாவு ஆகியவை ஃபில்டரை ஒரே தடவையில் அடைத்துவிடும். சாம்பிராணிச் சாம்பலும் ஊதுபத்திச் சாம்பலும் அதைவிட மோசம். உள்ளே ஒரு கங்கு கனன்றுகொண்டிருந்தால் பைக்குள் தீப்பிடிக்கும். இதற்கெல்லாம் துடைப்பமும் முறமும் இருக்கின்றன. அவற்றுக்கு நாம் இன்னும் ஓய்வு கொடுத்துவிடவில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகும் இழுக்கவில்லை, துளையில் கை வைத்தாலும் ஒட்டவில்லை என்றால் கடைக்குப் போகலாம். கருகல் வாடை, பின்பக்கத் துவாரத்தில் நீலப் பொறி, விட்டுவிட்டு ஓடுவது ஆகியவை கார்பன் பிரஷ் தேய்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் இரண்டு கரித்துண்டுகள்தான் அவை. மிக்ஸிக்கு மாற்றுகிறவர் இதற்கும் மாற்றிவிடுவார். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று நின்றுவிட்டால் மட்டும் உடனே பயப்பட வேண்டாம். மோட்டார் சூடேறினால் தானாக நிறுத்திக்கொள்ளும் வசதி பல மிஷின்களில் உண்டு. பிளக்கை எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் ஆறவிட்டு, அந்த நேரத்தில் அடைப்பைத் தேடுங்கள். மோட்டாரைக் குளிர்விப்பதும் அதே காற்றோட்டம்தான். அடைப்போடு ஓட்ட ஓட்ட அது சூடாகிக்கொண்டே இருக்கும். கழுவாமல் விட்ட ஒரு ஸ்பாஞ்ச் மோட்டாரையே காவு வாங்குவது இப்படித்தான்.

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘2000 வாட்’ என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது அது தின்னும் மின்சாரத்தின் அளவு. இழுக்கும் அளவைச் சொல்வது அதுவல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் வீட்டு வேக்குவம் கிளீனர்களுக்கு 1600 வாட் என்றும், 2017-இல் 900 வாட் என்றும் உச்சவரம்பு வைத்தது. அங்கே வீடுகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன. கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பையும் ஃபில்டரும் தனியாகக் கிடைக்குமா? குழாய் கிழிந்தால் குழாய் மட்டும் தருவார்களா? ஃபில்டரைக் கையாலேயே கழற்ற முடியுமா? இந்த மூன்றுக்கும் ‘ஆமாம்’ சொல்கிற மிஷினை வாங்குங்கள். மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென்றே ஓர் இணைய வாசலைத் திறந்தது. உதிரி பாகம், சர்வீஸ் விவரங்களை நிறுவனங்கள் அங்கே தர வேண்டும் என்பது நோக்கம். உரிமை கொடுத்தாலும், மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கம் நம்மிடம்தான் வர வேண்டும். பழையது உண்மையிலேயே முடிந்துபோயிருந்தால் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகள் அதற்கென்றே இருக்கின்றன.

இந்தப் பக்கத்தில் நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. நம் வீடுகளில் மிஷினைத் தினமும் கையாள்கிறவர் ஒருவர். அதைத் திறக்க ‘உரிமை’ உள்ளவர் இன்னொருவர். மிக்ஸி, வாஷிங் மிஷின், வேக்குவம் கிளீனர் எல்லாவற்றிலும் இதுதான் நடக்கிறது. ‘நீ ஒண்ணும் நோண்டாதே, ஆள் வரட்டும்’ என்று சொல்லிச் சொல்லியே, கையில் பிடித்திருக்கும் குழாயின் மறுமுனையில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஆக்கிவிட்டோம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் நிலைமை இன்னும் கஷ்டம். ‘இதை அழுத்தினா ஓடும், இதை அழுத்தினா நிக்கும்’ என்பதோடு அவருக்குப் பாடம் முடிந்துவிடுகிறது. பையை எப்போது தட்ட வேண்டும், எதை இழுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இழுவை நின்ற அன்று மட்டும் ‘நீ என்ன பண்ணினே?’ என்று கேட்கிறோம்.

இந்தத் தீபாவளிக்கு அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து மிஷினைப் பிரித்துக் காட்டுங்கள். பை எது, ஃபில்டர் எது, கை வைத்துப் பார்ப்பது எப்படி என்று சொல்லுங்கள். பத்து வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் கோலிக்குண்டு போடும் வேலையை அதற்குக் கொடுங்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான். பை தட்டும்போது மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் மூடிக்கொள்ளுங்கள். வீசிங், ஆஸ்துமா உள்ளவர்களிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள், சம்பளத்துக்கு வருகிறவரானாலும். ஸ்பாங்லர் இந்த மிஷினைச் செய்ததே தன் நெஞ்சுக்குத் தூசி ஆகாது என்றுதான்.

கோவை சகோதரிக்கு: ஜன்னல், பை, ஃபில்டர், குழாய், பிரஷ் என்ற வரிசையில் பார்த்துவிட்டு, எங்கே அகப்பட்டது என்று அவசியம் எழுதுங்கள். மற்ற வாசகர்களும், நீங்களே சரிசெய்த வீட்டுச் சாமான்களைப் பற்றி எழுதுங்கள். குழாயிலிருந்து என்னவெல்லாம் வெளியே வந்தது என்று எழுதினால் இன்னும் சந்தோஷம். எங்கள் ஐஸ்கிரீம் குச்சிக்குத் துணை கிடைக்கும். நல்ல கடிதங்களை அடுத்த இதழில் வெளியிடுவோம்.

உங்கள் மிஷினின் பையைக் கடைசியாக எப்போது தட்டினீர்கள் என்று நினைவில்லையென்றால், இந்த இதழை இங்கேயே மடித்து வைத்துவிட்டு முதலில் போய் அதைப் பாருங்கள். தொடர்கதை எங்கேயும் ஓடிவிடாது.

தீபாவளி நல்வாழ்த்துகளுடன்,
ஆசிரியர்